எல்லோரும் என் ரிம்மைத்தான் பார்த்தார்கள்

என் பழைய பைக்கின் இரண்டு ரிம்முக்கும் பவுடர் கோட்டிங் போட்டு, இன்று காலை பெரம்பலூரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பவுடரைத் தூவிச் சூளையில் சுட்டெடுத்த செம்பு நிறம். வெயிலில் தகதகவென்று மின்னியது.

வேப்பந்தட்டை ரோட்டில் எதிரே வந்த பஸ் டிரைவர் என் சக்கரத்தைப் பார்த்துக் கைகாட்டினார். சிரித்தேன்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்தே நின்று கைகாட்டினார்கள். கட்டைவிரலை உயர்த்தினேன். ஊர் நன்றாகப் பார்க்கட்டும் என்று வேகத்தையும் குறைத்தேன்.

ஸ்கூட்டியில் ஒரு அக்கா ஹாரன் அடித்தபடி துரத்தி வந்து என்னை எட்டிப்பிடித்தார்.

"பவுடர் கோட்டிங், அக்கா," என்று நானே ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டுங்க! மொதல்ல சைடு ஸ்டாண்ட எடுத்து வுடுங்க. அங்கேருந்து கத்திக்கிட்டே வரேன், நீங்க பாட்டுக்குச் சிரிச்சிக்கிட்டே போறீங்க. லெஃப்ட்ல திரும்பியிருந்தா வுழுந்திருப்பீங்க!"

எடுத்துவிட்டேன். அவர் முன்னால் போய்விட்டார். ரிம்மை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்திரமாக வீடு வந்துவிட்டேன். போட்டோ கீழே இருக்கிறது. நீங்களாவது ரிம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதில் ஸ்டாண்ட் போட்டிருப்பது, வண்டி நிற்பதற்காக நான் வேண்டுமென்றே போட்டது.