மாவுக்கட்டுக் கணக்கு

1. முதல் நாள்

திண்டுக்கல் நாகல் நகரில், ஒரு செல்போன் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். சட்ட உதவி மையம் என்று பெயர் பெத்த பெயர்; ஆட்கள் என்னவோ வக்கீல் சாரும் நானும்தான். மாவட்டத்தில் போலீஸ் கைவைத்து யாருக்கெல்லாம் காயம்பட்டது என்று தொகுத்து, மாதாமாதம் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுவது என் வேலை.

முதல் நாள் செய்தித்தாள்களைப் பார்த்து என்ட்ரி போட்டேன். ‘போலீஸ் சொன்ன காரணம்’ என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒன்றேதான் வந்தது: கழிவறையில் வழுக்கி விழுந்தார். படத்தில் கையில் மாவுக்கட்டு.

“என்ன சார், எல்லா ஸ்டேஷன்லயும் பாசி புடிச்சுக் கெடக்கா?” என்று சிரித்தேன்.

வக்கீல் சார் சிரிக்கவில்லை. “அவங்க சொன்னதை ஒரு எழுத்து மாத்தாமப் போடும்மா. பக்கத்துக் கட்டத்துல குடும்பம் சொல்றதையும் அப்படியே போடு. நம்ம சொந்தச் சரக்கு ஒண்ணும் வேணாம்” என்றார்.

அதுதான் எங்கள் வேலையின் விதி. சில மாதங்களில் என் சிரிப்பும் போய்விட்டது. கீழே போலீஸ் புல்லட் வந்து நின்றால் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன்.

2. அருள்மேரி

வேடசந்தூர்ப் பக்கம் அருள்மேரியின் புருஷன் நூல் மில்லில் வேலை பார்த்தார். பெயரையும் ஊரையும் இங்கே மாற்றியிருக்கிறேன். வண்டிச் சோதனையில் பைக்கை நிறுத்தவில்லை என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வரும்போது கை ஒடிந்திருந்தது. வழக்கம்போல் வழுக்கி விழுந்ததாக போலீஸ் சொன்னது. “லத்தியால அடிச்சாய்ங்கக்கா” என்றாள் அருள்மேரி. எழுதிக்கொண்டேன். பெயரும் ஊரும் வெளியே வராது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பட்டியலை வெளியிடுவதற்கு முந்தின நாள், மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“அக்கா, அதை மாத்திருங்க. நீங்க வந்துட்டுப் போனது தெரிஞ்சு, மஃப்டில ரெண்டு போலீஸ்காரய்ங்க வீட்டுக்கு வந்தாய்ங்க. மில்லுல போயி உம் புருஷனைப் பத்தி விசாரிக்கட்டுமான்னு கேக்குறாய்ங்க. அந்த வேலையும் போச்சுன்னா நாங்க எங்கிட்டுப் போறது? பேசாம வழுக்கி விழுந்தாருன்னே போட்ருங்க.”

குடும்பம் சொல்வதை அப்படியே போடுவதுதான் விதி. இப்போது குடும்பமே இதைச் சொல்கிறது. போட்டால் பொய்க்கு அவள் வாயாலேயே முத்திரை குத்தியது போலாகும். போடாவிட்டால் அவள் குடும்பம் தெருவுக்கு வரும். வக்கீல் சாரோ கோர்ட்டில் இருந்தார்.

“மொத்தமா எடுத்துர்றேன்மா” என்றேன்.

“எடுத்துட்டா அவரு கை ஒடியவே இல்லைன்னு ஆயிருமாக்கா?”

அவள் கேட்டபடியே டைப் செய்து வாசித்துக் காட்டினேன். “குடும்பம் சொன்ன காரணம்: வழுக்கி விழுந்தார்.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது நான் சொன்னது இல்லக்கா. பயமா இருக்கு, அதனால சொல்லல. அதைப் போட முடியுமா?” என்றாள்.

அதையே போட்டேன்: “பயமா இருக்கு, அதனால சொல்லல.”

3. போன்

பட்டியல் வெளியானதும் ஒரு போன் வந்தது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை.

“யாரும்மா அது, பயமா இருக்குன்னு சொன்ன பார்ட்டி?”

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். “சொல்ல முடியாதுங்க சார்.”

“ஏன் சொல்ல முடியாது?”

“பயமா இருக்கு சார்.”

அவர் போனை வைத்துவிட்டார். சாமர்த்தியமாகப் பேசியதாக வக்கீல் சார் பாராட்டினார். சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, வாயில் உண்மை வந்துவிட்டது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயந்தவர்களிடம் போய் வீரத்தைக் கேட்காதீர்கள். அவர்கள் பயத்தில் ஒரு பொய்யை நீட்டினால், அவசரப்பட்டு வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். கொஞ்சம் பொறுத்தால், சொல்ல முடிந்த உண்மையை அவர்களே சொல்வார்கள்.

அருள்மேரியின் புருஷனுக்கு வேலை போகவில்லை. வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது அவளைப் பார்க்கிறேன். யாரோ எவரோ என்பதுபோல் என்னைக் கடந்து போகிறாள். நானும் கூப்பிடுவதில்லை.