இரண்டு பனியனும் ஒரு சட்டையும்

அட்டைப்பெட்டி ஆலையில் அவருக்கு ‘ஹேங்கர்’ என்று பெயர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நல்ல உயரம்தான், ஆனால் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. கல்யாணத்தன்று புகைப்படக்காரர், “மாப்பிள்ளை, கோட்டுக்குள்ள இருக்கீங்களா?” என்று கேட்டுக் கூட்டத்தையே சிரிக்க வைத்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். மறுநாளிலிருந்து சட்டைக்குள் இரண்டு பனியன் போட ஆரம்பித்தார். சட்டையும் தொளதொளவென்று, இன்னொருவர் கூடக் குடியிருக்கலாம் போல இருக்கும்.

“வீட்ல இருக்கறது ரெண்டே பேரு. துணிக்கொடியைப் பாத்தா கூட்டுக் குடும்பம்னு நினைப்பாங்க,” என்பாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வெயில் காலத்தில் பசை இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேர்த்து ஊற்றும்போதும் பனியனின் எண்ணிக்கை குறையாது.

ஒரு நாள் காலை, அட்டை ஒன்று கோணலாக உள்ளே போனது. அதை நேராக்கக் குனிந்தார். தொங்கிக்கொண்டிருந்த சட்டைக் கை அட்டையோடு சேர்ந்து உருளைக்குள் போய்விட்டது. இழுத்தார்; வரவில்லை. பக்கத்தில் நின்றவர் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். இயந்திரம் நின்றது. சட்டைக் கை முழங்கை வரை கிழிந்திருந்தது. மணிக்கட்டில் தோல் லேசாக உரிந்திருந்தது, அவ்வளவுதான். 

ஃபோர்மேன் கத்தவில்லை. காயத்தைப் பார்த்தார், கிழிசலைப் பார்த்தார்.

“கை போயிருந்தா என்னய்யா பண்ணுவ? நாளையிலேர்ந்து உடம்போட ஒட்டின சட்டை போட்டு வந்தாத்தான் மிஷினுக்கு. இல்லேன்னா பேக்கிங்குக்குப் போயிடு.”

பதினைந்து வருஷமாக அந்த இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே அதன் மனநிலையைச் சொல்கிறவர் அவர். பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டு உட்கார மனம் வராது.

வீட்டில் மனைவி மருந்து போட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டவில்லை. தன் தம்பிக்குப் போன் போட்டாள். “உங்க மாமாவுக்குச் சட்டை எடுக்கணும். சாயங்காலம் வந்துடு.”

தம்பி செல்போன் கடையில் வேலை செய்பவன். ஸ்லிம் ஃபிட் தவிர வேறு எதையும் தொடமாட்டான். தொப்பை மட்டும் அந்தக் கொள்கைக்கு ஒத்துழைக்காது. அவன் மூச்சு விடும்போதெல்லாம் நான்காவது பொத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்.

கடையில் அவர் வழக்கம்போலப் பெரிய அளவுகள் இருந்த பக்கம் நகர்ந்தார். மனைவி கையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள். விற்பனைப் பெண் கழுத்தை அளந்துவிட்டு ஒரு வெளிர்நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

“போட்டுப் பாருங்க சார். தோள் தையல் சரியா தோள் முனையில நிக்கணும். அப்புறம் கையைத் தூக்கிப் பாருங்க, உக்காந்து பாருங்க. எங்கயும் பிடிக்கக் கூடாது.”

போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தோள் சரியாக இருந்தது. நெஞ்சுப் பக்கம் மட்டும் தலையணைக்கு உறை போட்டதுபோலப் புடைத்துக்கொண்டிருந்தது.

“சட்டை சின்னது,” என்றார், கொஞ்சம் நிம்மதியோடு.

மனைவி பக்கத்தில் வந்து, யார் காதிலும் விழாமல், “சட்டை சரியாத்தான் இருக்கு. பனியனைக் கழட்டுங்க,” என்றாள்.

“ஒண்ணையா?”

“ரெண்டையும்.”

திரும்பவும் உள்ளே போனார். இரண்டையும் கழற்றி ஆணியில் மாட்டினார். கண்ணாடியில் விலா எலும்புகள் தெரிந்தன. வீட்டில் குளித்த கையோடு துண்டைச் சுற்றிக்கொள்கிறவர். இவ்வளவு நேரம் தன்னையே பார்த்தது கிடையாது. சட்டையைப் போட்டுப் பொத்தான்களை மாட்டினார். துணி உடம்போடு நின்றது. இறுக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை. கையைத் தூக்கினார். குனிந்தார். உருளைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல நின்று பார்த்தார். ஒன்றும் தடுக்கவில்லை.

வெளியே வந்தபோது மைத்துனன்தான் முதலில் வாயைத் திறந்தான். “மாமா, எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீங்க சும்மாவே நிக்கிறீங்க!”

மனைவி காலரைச் சரிசெய்தாள். செய்ய வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

“ஒல்லியாத் தெரியுதா?” என்று கேட்டார்.

“நீங்க ஒல்லிதானே,” என்றாள் அவள். “நான் ஒல்லியைத்தானே கட்டிக்கிட்டேன். நடுவுல யாரோ வந்துட்டாங்க.”

மறுநாள் ஆலை வாசலில் நுழையும்போது காலரை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். என்னென்ன கிண்டல் வரும் என்று பஸ்ஸிலேயே யோசித்து, பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. பேக்கிங்கில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, “புதுசாண்ணே?” என்றாள். ஃபோர்மேன் சட்டைக் கையின் நுனியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். “ம். போ.” அவ்வளவுதான். இத்தனை வருஷமாக யார் கண்ணுக்குப் பயந்து வேர்த்தோம் என்று அவருக்கே புரியவில்லை.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோதுதான் முதுகு காய்ந்திருப்பதைக் கவனித்தார். ஜன்னல் பக்கமாக வந்த காற்று சட்டையைத் தாண்டி உடம்பில் பட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அந்த வாரக் கடைசியில், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், தானே போய் அதே அளவில் இன்னும் இரண்டு சட்டை எடுத்து வந்தார். ஒன்று அடர்ந்த சிவப்பு. அந்த நிறத்தில் அவர் அதுவரை எதுவும் போட்டதில்லை.