ரஜா கொடுக்கும் அதிகாரம்

என் அப்பா மைசூர் மகாராஜாவின் படை அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் ஒரு பட்டாளம் எதனால் நகர்கிறது என்று கேட்டால், குதிரையாலும் இல்லை, மனுஷனாலும் இல்லை, காகிதத்தால் என்பார். சுதந்திரம் வந்து சில வருஷங்களில் மகாராஜாவின் படையை இந்திய ராணுவத்தோடு சேர்த்துவிட்டார்கள். அப்பா எல்லா ஃபைல்களையும் பட்டியல் போட்டு, நாடா கட்டி, ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தப் பட்டியலைப் பிற்பாடு யாரும் கேட்கவில்லை.

லஷ்கர் மொஹல்லாவில் வாடகை வீடு. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நான் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் பேசுவதையும் நிறுத்தியிருந்தார்கள். என்னைவிட ஐந்து வயது இளையவன் தம்பி. ராணுவத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். அவனைச் சேர்த்துவிட்டவர் அப்பாதான். வாரம் ஒரு கடிதம் எழுதுவார். சாப்பிட்டாயா என்று ஒரு வரி, மேலதிகாரிக்கு விண்ணப்பம் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு பக்கம். தம்பியின் பதிலும் அப்படித்தான் வரும், எண் போட்ட பத்திகளாக. இரண்டு பேரும் அதைத்தான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். படிக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐம்பதுகளின் நடுவில், மழைக்காலம் முடிந்த கையோடு, அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பெங்களூரில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் தைத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெரு டாக்டர் என்னை வெளியே அழைத்து, "பதினைஞ்சு நாள் தாங்கினா பெருசும்மா. மகன் இருக்கானில்ல? ஸ்வல்ப சீக்கிரமா வரச் சொல்லிடுங்க" என்றார்.

நான் உள்ளே போனதும் அப்பா என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். "அப்போ ரஜாவுக்கு எழுதணும்" என்றார். மைசூரில் எங்களுக்கு லீவு என்றால் ரஜாதான். மகனைப் பார்க்க வேண்டும் என்று வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார், தெருக்கதவு தெரிகிற மாதிரி.

தம்பி அப்போது மேற்குக் கடற்கரையில் எங்கோ இருந்தான். மூன்று படைகளும் சேர்ந்து நடத்துகிற ஒரு பெரிய ஒத்திகை. கப்பலில் வந்து கரையிறங்குகிறவர்கள் ஒரு பக்கம், மேலே பறக்கிறவர்கள் ஒரு பக்கம். நடுவில் ஒரு ஜீப்பில் வயர்லெஸ் பெட்டியை வைத்துக்கொண்டு, இவர்கள் கேட்கிற உதவியை அவர்களுக்குச் சொல்கிற வேலை அவனுக்கு. ராணுவத்து ஆளைக் கடற்படை அதிகாரி ஒருவரின் கீழே இரவலாகக் கொடுத்திருந்தார்கள்.

"அப்ப அந்தக் கடற்படை ஆபீஸருக்கே தந்தி அடிச்சுடலாம்ப்பா. கூட இருக்கிறவர் அவர்தானே?" என்றேன்.

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைத் திருப்பி, சிவப்புப் பென்சிலால் மூன்று கட்டம் போட்டார். தரைப்படை, கடற்படை, விமானப்படை. ஒவ்வொன்றிலிருந்தும் மேலே ஒரு கோடு, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர். பிறகு மூன்றுக்கும் குறுக்கே ஒரு கட்டம் போட்டார். அது கூட்டுத் தலைமையகம்.

"இங்க இருக்கிறவருக்கு மூணு படை ஆளையும் வேலை வாங்கற அதிகாரம் உண்டு. முன்னாடி போ, பின்னாடி வா, சுடு, நிறுத்துன்னு சொல்லலாம். ஆனா சம்பளம், பதவி, தண்டனை, ரஜா, இது நாலும் அவனவன் தாய்ப்படை கையில. கல்யாண வீட்டுக்கு அண்டா இரவல் குடுக்கறோமில்ல? சமைக்கறது அவங்க. ஈயம் பூசறது நாமதானே?"

"அண்டாவோட அப்பனுக்கு உடம்பு சரியில்லன்னா யாருகிட்ட சொல்றது?"

அப்பா சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்கும், ஆனாலும் சிரித்தார். பிறகு கறாராகச் சொன்னார். "நேரா அவனுக்கு அடிச்சா அவன் அதை எடுத்துக்கிட்டு ஆபீஸர் முன்னாடி போய் நிப்பான். அந்தாளு நம்பமாட்டான். 'ஃபாதர் சீரியஸ்' தந்தி எத்தனை பார்த்திருக்கேன் நானு! ஒரே அப்பன் ஒரே வருஷத்துல மூணு தடவ சீரியஸ் ஆவான். எத்தனை பேருக்கு ரஜா இல்லைன்னு நானே குறிப்பு எழுதியிருக்கேன். முறையா போனாத்தான் காரியம் நடக்கும்."

முறையாகவே போனோம். அரசு டாக்டரிடம் சான்று வாங்கினேன். தாய்ப்படையின் அதிகாரிக்குத் தந்தி, கூட்டுத் தலைமையகத்துக்கு நகல், தம்பிக்குத் தகவலுக்காக ஒரு நகல். வாசகத்தை அப்பாவே மூன்று தடவை திருத்தினார். சாகப் போகிறவர் தன் சாவைப் பற்றிய தந்தியில் தேவையில்லாத ஒரு வார்த்தையை அடித்து எடுத்ததைப் பார்த்தபோது எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. எடுத்துக்கொண்டு போய் அனுப்பிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் தாய்ப்படையிலிருந்து பதில் வந்தது. பத்து நாள் ரஜா அனுமதிக்கப்பட்டது, தற்போது பணிபுரியும் தலைமையகம் விடுவிப்பதற்கு உட்பட்டு. நான் சந்தோஷத்தில் அடுத்த வீட்டு அம்மாளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா கடைசி வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

ஏழாம் நாள் கூட்டுத் தலைமையகத்திலிருந்து வந்தது. மாற்று ஆள் வந்து சேர்ந்ததும் விடுவிக்கப்படுவார், மாற்று ஆளை அனுப்ப வேண்டியது தாய்ப்படை. இதற்கும் அப்பா, "சரிதான். பெட்டிய அனாதையா விட்டுட்டு எப்படி அனுப்புவான்?" என்றார். குரல் பாதியாகியிருந்தது. கஞ்சி இரண்டு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை.

பத்தாம் நாள் மறுபடியும் தாய்ப்படை. மாற்று ஆள் தயார், அவரை அனுப்பும்படி கூட்டுத் தலைமையகம் முறைப்படி கேட்டதும் புறப்படுவார். நகல் அனைவருக்கும்.

யாரும் முடியாது என்று சொல்லவில்லை. யாரும் தப்பாகவும் நடக்கவில்லை. எல்லாரும் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், என் அப்பா செத்துக்கொண்டிருந்தார். அந்தத் தந்தியைப் படித்துக் காட்டியபோது அவர் பென்சிலைக் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பதினோராம் நாள் காலை நான் பள்ளிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தேன். பதினோரு மணி இருக்கும். கண்ணைத் திறந்து, தெளிவாக, "எழுது" என்றார். தந்திப் படிவம் கையோடுதான் இருந்தது.

"அவனுக்கே நேரா எழுது. ரஜா வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். விட்டுட்டு வரச் சொல்லு. அப்பா வரச் சொன்னாருன்னு போடு."

அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. எழுதினேன். பக்கத்து வீட்டு அம்மாளை உட்காரவைத்துவிட்டுத் தந்தி ஆபீஸுக்கு நடந்தேன். கவுன்ட்டரில் இருந்தவருக்கு அதற்குள் என்னை நன்றாகத் தெரிந்திருந்தது. "மத்தே பந்த்ரா டீச்சரம்மா?" என்று, மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று, கையை நீட்டினார்.

நான் படிவத்தைக் கொடுக்கவில்லை.

அந்த இடத்தில் என் மனசில் ஓடியதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரஜா இல்லாமல் வந்தால் அவன் பட்டாளத்தைவிட்டு ஓடியவன். ஓடியவர்களுக்கு என்ன ஆகும் என்று அப்பா வாயாலேயே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிறை, அப்புறம் வேலை போய்விடும், அப்புறம் எந்த அரசாங்க வேலையும் இல்லை. இதை எழுதச் சொன்னவர் வலி மருந்தில் இருக்கிறார், நல்ல நினைவோடு இருந்தால் சொல்லமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைக்கு எப்படியும் உத்தரவு வந்துவிடும் என்றும் சொல்லிக்கொண்டேன். இதெல்லாம் நியாயமான காரணங்கள். இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நேராக அவனுக்கே அடித்துவிடலாம் என்று பதினோரு நாளாக நான் கெஞ்சினேன், அப்பா கேட்கவில்லை. இப்போது தனக்கு வேண்டும் என்றதும் முறையெல்லாம் பறந்துவிட்டதா என்ற கோபம். கோபமாக இருந்தேன், அவ்வளவுதான்.

படிவத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"குடுத்துட்டியா?" என்றார் அப்பா.

"குடுத்துட்டேன்ப்பா."

அதற்குப் பிறகு அவர் பேசியது கொஞ்சம்தான். எத்தனை மணி ஆகிறது என்று கேட்டார். கடற்கரையிலிருந்து ரயில் எப்படி மாறி வரவேண்டும் என்று என்னிடம் சொன்னார். அவ்வளவு வலியிலும் அரிசிக்கெரெயில் வண்டி மாறுவதைச் சரியாகச் சொன்னார். "நாளைக்கு மத்தியானம் வந்துடுவான்" என்றார். நாளை மத்தியானம் வந்து போயிற்று. "லேட்டாயிருக்கும்" என்றார். கதவில் யாருடைய நிழலாவது தட்டினால் தலையைத் தூக்கப் பார்ப்பார். பால்காரனுக்கு, தபால்காரனுக்கு, சாகிறவர்களுக்கான எண்ணெயை, அவஸ்தை பூச வந்த பங்குச் சாமியாருக்கு, எல்லாருக்கும் தூக்கினார். அப்போதும் நான் சொல்லவில்லை. தந்தி ஆபீஸ் பத்து நிமிஷ நடைதான். போய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் தந்தியில் இருக்கும் தேதியை வைத்து எப்போது கொடுத்தேன் என்பது தெரிந்துவிடுமே என்று பயந்தேன். பதின்மூன்றாம் நாள் பகல் மூன்று மணிக்கு அவர் போய்விட்டார். அடக்கத்தை ஒரு நாளுக்கு மேல் தள்ளிவைக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் தம்பி வந்தான். சீருடையில், டிரங்குப் பெட்டியோடு, சட்டைப்பையில் பயண உத்தரவோடு. ஸ்டேஷனிலிருந்து நேராகக் கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்திருந்தான். பூட்ஸ் நிறையச் செம்மண். நான் காபி போட்டுக் கொடுத்தேன். சமையலறை வாசலில் குந்தி உட்கார்ந்து குடித்தான்.

"அந்தக் கடற்படை ஆபீஸர் நல்ல மனுஷன்க்கா" என்றான். "போன வாரமே கூப்பிட்டு சொன்னாரு. 'ரஜா என் கையில இல்லப்பா. ஆனா ஒத்திகை முடிஞ்சுபோச்சு, உன் பெட்டிக்கு ஒரு வேலையும் இல்ல. நாலு நாள் நான் உன்னைத் தேடமாட்டேன். போயிட்டு வா'ன்னாரு."

"ஏன் வரல?" என்றேன்.

"எப்படிக்கா வர்றது? வந்து நின்னா அப்பா என்ன கேப்பாரு? எந்த உத்தரவுல வந்தேன்னு கேப்பாரு. சாகப் போற மனுஷன் முன்னாடி ஓடிவந்தவனா நிக்கச் சொல்றியா?" அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "ரெண்டு நாள் பார்த்தேன். தபால் வண்டி வரும்போதெல்லாம் போய் நின்னேன். அவர் பேர்ல 'வா'ன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா அந்த நிமிஷமே கெளம்பியிருப்பேன். வரல. அப்போ அவருக்கும் அதுதான் இஷ்டம்னு புரிஞ்சுக்கிட்டேன்."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. வாயைத் திறந்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான், ஆனால் அந்த அழுகையில் ஒரு நிமிர்வும் இருந்தது. அப்பாவும் மகனும் கடைசிவரை ஒரே மாதிரி நின்றோம் என்கிற நிமிர்வு. அதையும் பிடுங்கிக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவனுக்காக மறைத்தேன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் மறைத்தேன். மீதி இருந்த ரஜாவில் அவன் அப்பாவின் துணிகளை அனாதை இல்லத்துக்குக் கொடுத்தான், கூரை ஓடுகளைப் பிரித்து ஒழுகும் இடத்தை அடைத்தான், பிறகு கிளம்பிப் போனான்.

இப்போது அவனும் பென்ஷன் வாங்குகிறவன். ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தோடு மைசூருக்கு வருகிறான். அவன் பிள்ளைகளுக்குத் தமிழ் பாதிதான் வரும். ஆனாலும் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு, வருஷம் தவறாமல் அதே கதையைச் சொல்கிறான். "உங்க தாத்தா சாகற நேரத்துலகூட, ரூலை மீறி வாடான்னு என்னைக் கூப்பிடல." பிள்ளைகள் தலையாட்டுவார்கள். பிறகு அவன் என் பக்கம் திரும்புவான்.

"இல்லையாக்கா?"

"ஆமாம்" என்கிறேன்.