வெற்றிலை போடாத நாட்கள்

அப்பாவுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் வாய் சிவக்க வந்து சைக்கிளை நிறுத்தினார். தாத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவர், வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இது எப்பலேர்ந்து?"

"மண்டில எல்லாரும் போடறாங்க. குடுத்தாங்க."

"குடுத்தா வாங்கிக்கிறதா? நாளைக்கி சுருட்டு குடுப்பாங்க."

அப்பா சிரித்தார். பல் சிவப்பு. விரலும் சிவப்பு. அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். அதனால் சாப்பிட்டார்.

இதைச் சொன்னால் மற்றவர்களுக்கு விளங்காது. நாங்கள் நயினார் வீடு, ஜைனர்கள். முசரவாக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. பொழுது சாய்ந்தபிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டோம். தண்ணீர்கூடக் கிடையாது. விளக்கைத் தேடிப் பூச்சி வரும், சோற்றில் விழும், தெரியாமல் தின்றுவிடுவோம். அதுதான் காரணம். கத்தரிக்காயை நறுக்கும்போது உள்ளே புழு இருந்தால் அம்மா அந்தத் துண்டை அப்படியே எடுத்துப்போய் வேலியோரம் வைத்துவிட்டு வருவாள். பிறகு வேறு காய் நறுக்குவாள்.

தாத்தா இன்னும் ஒரு படி மேலே. ஊருக்கு வந்த முனிவர் ஒருவரிடம் விரதம் வாங்கியிருந்தார். பட்டு உடுத்துவதில்லை, பட்டு விற்ற காசு, நெய்த காசு எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. எங்கள் சாதியில் எல்லாரும் அப்படி இல்லை. கல்யாணத்துக்குப் பட்டு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். தாத்தா அந்தக் கல்யாணங்களுக்குப் போவார், வாழ்த்துவார், சாப்பிடாமல் வந்துவிடுவார்.

வருஷத்துக்கு ஒரு தரம் திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போவோம். பிள்ளையார்பாளையத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே தெருவெல்லாம் தறிச் சத்தம். சில சந்துகளில் ஒரு நாற்றம் வரும். நூலை அண்டாவில் போட்டு வேகவைக்கிற நாற்றம். தாத்தா துண்டால் மூக்கை மூடிக்கொள்வார்.

"செத்த புழுவோட நாத்தம்," என்பார். "இந்தக் காசுல ஒரு பிடி அரிசி என் வீட்டுக்குள்ள வந்துதுன்னா, அன்னிக்கே வாயக் கட்டிக்குவேன்."

சொன்னால் செய்கிறவர். சாப்பாட்டை நிறுத்தி உயிரை விட்டவர்கள் எங்கள் வம்சத்தில் உண்டு. அப்பா வண்டியின் முன்னால் உட்கார்ந்து மாட்டைப் பார்த்துக்கொண்டு வருவார்.

அறுபதுகள் முடிகிற சமயம். தொடர்ந்து ஏரி நிரம்பவில்லை. நாற்று விட்டது விட்டபடியே காய்ந்தது. ஒரு மாட்டை விற்றோம், பிறகு இன்னொன்று. அப்பா காஞ்சிபுரத்தில் ஒரு நெல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்ததாகச் சொன்னார். விடியலில் சைக்கிளில் போவார். அம்மா தூக்கில் சோறு போட்டுக் கொடுப்பாள். சனிக்கிழமை அரிசி வாங்கி வருவார்.

சுற்றுவட்டாரம் முழுக்க நெல் விளையாத வருஷத்தில் மண்டியில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. தாத்தா கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. நான் சின்னப் பெண், எனக்குத் தோன்றவில்லை.

வெற்றிலைச் சமாசாரம் எனக்குத் தெரிந்தது மெதுவாகத்தான். அப்பா வாய் சிவந்து வருகிற நாளில் விரலும் சிவந்திருக்கும். அந்த நாட்களில் நேரத்தோடு வந்துவிடுவார். சில நாள் விரலெல்லாம் மஞ்சளாக இருக்கும். "மஞ்சள் மூட்டை எறக்கினோம்," என்பார். அன்றைக்கும் நேரத்தோடு வருவார். இரண்டும் இல்லாத நாட்களில் இருட்டித்தான் வருவார். கை சுத்தமாக இருக்கும். தோல் உரிந்து வெள்ளையாக, வெகுநேரம் தண்ணீரில் ஊறின மாதிரி இருக்கும். அந்த நாட்களில் ராத்திரி சோறு கிடையாது.

அவர் சாப்பிடாவிட்டால் அம்மாவும் சாப்பிடமாட்டாள். சாயங்காலம் ஆனால் என்னை ஏரிக்கரைக்கு அனுப்புவாள்.

"போயி பாரு, அப்பா வராரான்னு. வெத்தல போட்டுக்கினு வராரா பாரு."

தூரத்திலேயே தெரியும். சைக்கிள் மேலிருந்தபடியே துப்பிக்கொண்டு வருவார். நான் ஓடிவந்து சொல்வேன். அம்மா உடனே தட்டு எடுப்பாள்.

ஒரு நாள் அம்மா தூக்கின் மூடி மேலே இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு வைத்துக் கட்டினாள்.

அப்பா கேட்டார், "இது எதுக்கு?"

"யார்கிட்டயும் கை நீட்ட வேணாம்."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் வைத்தாள். அவள் எவ்வளவு தெரிந்து வைத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செத்துப்போகிறவரைக்கும் அவளும் சொல்லவில்லை.

மார்கழி மாதம். பொழுது சீக்கிரம் போகிற காலம். நான் சாணி பொறுக்க ஏரிக்குள் இறங்கியிருந்தேன். நடுவில் மட்டும் குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணீர். கரைச் சரிவில் அப்பாவுடைய சைக்கிள் படுத்திருந்தது. அப்பா தண்ணீரோரம் குந்தியிருந்தார். மணலை அள்ளி அள்ளிக் கையில் தேய்த்தார். மணல் போதாமல் செங்கல் துண்டால் தேய்த்தார். முழங்கை வரைக்கும் பச்சை. கிளிப்பச்சை.

நெல் மண்டியில் அந்தப் பச்சை கிடையாது. அந்த மாதிரிக் கைகளைப் பிள்ளையார்பாளையத்தில் வண்டியிலிருந்து பார்த்திருக்கிறேன். பட்டு நூலை வேகவைத்து, கொதிக்கிற சாயத்தில் முக்கி முக்கி எடுக்கிறவர்கள். சந்துக்கு வெளியே வந்து நின்று பீடி பிடிப்பார்கள். ஒருத்தன் கை நீலம், ஒருத்தன் கை அரக்கு.

சிவப்புக்கு வெற்றிலை இருந்தது. மஞ்சளுக்கு மூட்டை இருந்தது. பச்சைக்கும் நீலத்துக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. தேய்த்துத்தான் தீரவேண்டும்.

சூரியன் பனைமர உயரத்தில் இருந்தது. அப்பா எழுந்து நின்று சூரியனைப் பார்த்தார். அப்போது கிளம்பினால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி குந்தி மணலை அள்ளினார்.

நான் கருவேல மரத்துக்குப் பின்னால் நின்றேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது. கூடையை எடுத்துக்கொண்டு சுற்று வழியில் வீட்டுக்குப் போனேன்.

"வராரா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலமா."

தட்டு வைத்தபடி இருந்தது. தாத்தா சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். வெளிச்சம் போயிற்று. அம்மா தட்டைக் கவிழ்த்தாள். அதற்கப்புறம்தான் சைக்கிள் சத்தம் கேட்டது.

"இன்னிக்கும் லேட்டா?" என்று தாத்தா கேட்டார்.

"லாரி வந்துது. இருந்து எறக்கிட்டு வரேன்."

"எங்கேர்ந்து வருது இவ்ளோ நெல்லு?"

"ஆந்திராலேர்ந்து."

"அங்கியாவது மழ பெய்யுதா?"

"பெய்யுதாம்."

தாத்தா தலையாட்டினார். அப்பா பாயை விரித்துப் படுத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் வயிறு சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. பக்கத்தில்தான் படுத்திருந்தேன். பசிக்கிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சாப்பிடச் சொல்லவேண்டும். பொழுது போன வீட்டில் சோற்றுக்கு எங்கே போவது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஏரிக்குக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. நடவு நட்டோம். அப்பா வேலையை விடவில்லை. கடன் இருந்ததோ என்னவோ. எனக்கு ஐந்தாவதோடு படிப்பு நின்றது. வீட்டு வேலை பார்த்தேன். அப்பாவுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுப்பாள், வெளிச்சம் இருந்தால். இல்லாவிட்டால் காலையில்.

தை மாதத்தில் ஒரு நாள் மாடு மேய்க்கிறவர் ஓடிவந்தார்.

"ஏரிக்குள்ள உங்க ஊட்டுக்காரரு விழுந்து கெடக்கறாரும்மா. ரத்தமா வாந்தி எடுத்துருக்கறாரு."

ஆட்கள் போய்க் கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. வலது கை மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையாக இருந்தது. இடது கை தேய்க்கவில்லை. மயில்கழுத்து நிறத்தில் இருந்தது. முழங்கை வரைக்கும். ஊரே பார்த்தது.

நான் தாத்தாவைப் பார்த்தேன். அவர் வாயைக் கட்டிக்கொள்வார் என்று பயம். அப்பா அத்தனை வருஷம் பயந்ததும் அதற்குத்தான்.

மறுநாள் காலையில் குளிப்பாட்டினார்கள். பங்காளிகளில் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, சீயக்காயைப் போட்டு அந்தக் கையைத் தேய்த்தார். விரலெல்லாம் தேய்த்தார். தோலில் கொஞ்சம் வெளுத்தது. நகக்கண்ணில் அப்படியே இருந்தது.

"இன்னா சாயம்பா இது, போவ மாட்டேங்குது," என்றார்.

தாத்தா அதுவரைக்கும் தள்ளி நின்றிருந்தார். கிட்டே வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுப்பா. அது போவாது. தெனம் தேச்சிப் பாத்தான். போவல."

சித்தப்பா செம்பைக் கீழே வைத்தார். அம்மா அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து ஒருவர் சைக்கிளில் வந்தார். அப்பாவைவிட வயது குறைவு. கையைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. பை ஒன்று வைத்திருந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வர யோசித்தார்.

"அண்ணி, சாயப் பட்டறையில அண்ணனோட துணி இருந்துது. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வேலை நேரத்தில் கட்டுகிற வேட்டி. வெள்ளை என்று சொல்ல ஒரு இடம் இல்லை. அம்மா வாங்கிக்கொண்டாள்.

"அண்ணனுக்கு எங்க பட்டறையில மண்டிக்காரருன்னுதான் பேரு," என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "யாராவது தேடிக்கினு வந்தா நான் மண்டிக்குப் போயிருக்கறேன்னு சொல்லுங்கன்னுவாரு. எங்க மொதலாளி கேப்பாரு, ஏன்யா, சாய அண்டாவுல நெல்லு வேவுதான்னு. அண்ணன் நூல முக்கிக்கினே இருப்பாரு. மத்தியானம் எல்லாரும் அப்படியே கைய வெச்சி சாப்பிடுவோம். அவுரு மட்டும் வாழையெலயக் கிழிச்சி ஒவ்வொரு விரலுக்கும் சுத்திக்கினு சாப்பிடுவாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம்."

"யாராவது தேடிக்கினு வந்தாங்களா?" என்று அம்மா கேட்டாள். அப்பாவுடைய வேலையைப் பற்றி அவள் கேட்ட கேள்வி என்று எனக்கு நினைவு இருப்பது அது ஒன்றுதான்.

"யாரும் வரல. ஒரே ஒருதரம் ஒரு பெரியவரு வந்தாரு. நான் சேர்ந்த புதுசு, அண்ணன் வெத்தல போட ஆரம்பிச்ச சமயம். சந்து மொனையில துண்டால மூக்க மூடிக்கினு நின்னாரு. உள்ள அண்ணன் அண்டாகிட்ட முதுகக் காட்டிக்கினு நிக்கறாரு. கூப்புடட்டுமா பெரியவரேன்னேன். வேணாம்ன்டாரு. அவன் சாப்ட்டானான்னு கேட்டாரு. சாப்ட்டாருன்னேன். தலைய ஆட்டிட்டுப் பூட்டாரு. வந்தத அவன்கிட்ட சொல்லாதன்னாரு. நானும் சொல்லல."

பேசிக்கொண்டே வீட்டுக்குள் பார்த்தார். தாத்தா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர் மறுபடி உற்றுப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். தாத்தாவும் கும்பிட்டார். பிறகு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நாங்களும் கேட்க மறந்துவிட்டோம்.

எந்த வருஷம் அது என்று யாரும் கேட்கவில்லை. நான் இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பட்டறைக்காரர் சொன்னதை வைத்துப் பார்த்தால், நான் கருவேல மரத்துக்குப் பின்னால் நின்ற நாளுக்கு முன்னாலேயே தாத்தாவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்துதான் ஆந்திராவில் மழை பெய்கிறதா என்று கேட்டார். தெரிந்துதான் அந்த அரிசியைச் சாப்பிட்டார். வாயைக் கட்டிக்கொண்டால் மகனுக்குத் தெரிந்துவிடும். சொல்லியிருந்தால் அப்பா கை கழுவாமல் நேராக வந்து சாப்பிட்டிருப்பார். அதை ஏன் சொல்லவில்லை என்று தாத்தாவிடம் கேட்க எனக்கு நிறைய வருஷம் இருந்தது. அவர் நீண்ட நாள் உயிரோடு இருந்தார்.

பட்டறைக்காரர் வந்துபோன அன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போல வெளிச்சத்திலேயே தாத்தாவுக்குத் தட்டு வைத்தாள்.

"எனக்கு வேணாம்மா," என்றார் தாத்தா. "இனிமே மத்தியானத்தோட போதும்."

அம்மா தட்டைக் கவிழ்த்து வைத்தாள். ஏரிக்கரை மேலே வெயில் இன்னும் இருந்தது.