விடத்தல்தீவில் திறந்த கமரா

காலை 5.40. வவுனியாவிலிருந்து மன்னார் பஸ் புறப்பட்டது. தூரம் எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, ரிக்கற் நூற்றுப்பத்து ரூபாய். என் பையில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு மெல்லிய தூரிகை, ஒரு சின்ன ரோர்ச். பழைய பிலிம் கமரா சேர்க்கிற பைத்தியம் எனக்கு. வீட்டு அலுமாரியில் நாற்பத்தொன்று இருக்கின்றன, நாற்பத்திரண்டாவதைத் தேடித்தான் போகிறேன். விடத்தல்தீவில் மீளக்குடியேறியிருக்கும் ஒரு ஸ்ரூடியோக்காரரின் மனைவியிடம் ஜேர்மன் கமரா ஒன்று இருக்கிறது, விருப்பமான ஆளுக்குக் கொடுப்பார் என்று கந்தோரில் கூட வேலை செய்பவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை.

8.15. மன்னார் பஸ் நிலையம். பாணும் சம்பலும் தின்று முடிக்கும்வரை ஒரு கழுதை என் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றது. போய்வர ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஓட்டோக்காரர் சூசை சம்மதித்தார். கமரா பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

“முந்தி இந்த றோட்டிலை கமராவோடை வந்தா நான் ஏத்தியிருக்க மாட்டன்” என்றார்.

“இப்ப?”

“இப்ப பிரச்சினையில்லை. ஆனா ஆமிக் காம்ப் வாற இடத்திலை பைக்குள்ளை வையுங்கோ.”

பாலம் கடந்து, வடக்கே திரும்பி, இருபத்தைந்து கிலோமீற்றர் அளவு. தார் பாதி, குழியும் கிடங்கும் பாதி. வயல் ஓரங்களில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். அவற்றுக்கு இருபதடி தள்ளி ஒருவர் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

9.40. ஸ்ரூடியோக்காரரின் மனைவி மாக்கிறேற் அக்காவின் வீட்டுக்கு நான்கு சுவர் உண்டு, கூரைக்குப் பதில் தறப்பாள். ஐம்பது வயதிருக்கும். துவாயில் சுற்றிய கமராவைக் கதிரையில் வைத்து, “பாருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்” என்று குசினிக்குப் போனார்.

அழகான சாமான். நிக்கல் தேயவில்லை. தோல் ஓரிடத்தில் மட்டும், வலக்கைப் பெருவிரல் படும் இடத்தில், வழுவழுத்திருந்தது. பற்றறி கேட்காத இயந்திரம். அந்தக் காலத்தில் இங்கே பற்றறி கிடைக்காதபோதும் இது வேலை செய்திருக்கும். கமரா சேர்க்கிறவர்களின் முதல் வேலை, பின்கதவைத் திறந்து, லென்ஸை வானத்துக்குப் பிடித்து, பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்ப்பது. நானும் திறந்தேன்.

உள்ளே பிலிம் இருந்தது.

இரண்டு செக்கனில் மூடிவிட்டேன். படம் எடுக்கிற எவனும் முதலில் மேலே உள்ள குமிழைத் திருகி, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பான். இறுகினால் உள்ளே றோல் உண்டு. நாற்பத்தொரு வெறும் கமராவைத் திறந்து பழகிய எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

தேத்தண்ணியோடு வந்த அக்கா நிலத்தில் இருந்தார்.

“ஊரிலை எந்தச் செத்த வீடெண்டாலும் என்ரை மனுசனைத்தான் கூப்பிடுவினம். பெட்டியைச் சுத்திச் சனத்தை நிப்பாட்டி எடுப்பார். இவர் செத்த அண்டைக்கு எடுக்க ஆளில்லை. நான்தான் எடுத்தனான். என்ரை சீவியத்திலை எடுத்த ஒரே படம். றோலிலை கடைசிப் படம் அது.”

இடம்பெயருவதற்கு முன்னரே, மன்னாருக்குப் போன கன்னியாஸ்திரி ஒருவரிடம் கமராவைக் கொடுத்துவிட்டாராம். அதனால் அது தப்பியது. அல்பங்கள் வீட்டோடு போய்விட்டன.

“மன்னாரிலை இப்ப ஒருத்தரும் பிலிம் கழுவிறேல்லை. நீங்கள் கழுவித் தாங்கோ. கமராவை எடுங்கோ, எனக்குப் படம் போதும்.”

கடைசியாக எடுத்த படம்தான் சுருளின் வெளிப்புறம் இருக்கும், வெளிச்சம் முதலில் அதைத்தான் தின்னும். எனக்கு அது தெரியும், சொல்ல வாய் வரவில்லை. றோலைச் சுற்றி எடுத்துக்கொண்டு, “கமராவைப் படத்தோடை வந்து எடுக்கிறன்” என்றேன். பெரிய மனுசன் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து, சனிக்கிழமை. அதே பஸ், அதே சூசை. பையில் கழுவி அச்செடுத்த பதினாறு படங்கள், எல்லாம் செத்த வீடுகள். பதினேழு முதல் இருபதுவரை முழுக்க எரிந்துபோயிருந்தன. இருபதுதான் அக்காவினுடையது. பதினொன்றில் மட்டும் ஒரு புதினம். செல்ப் ரைமரை முடுக்கிவிட்டு ஸ்ரூடியோக்காரரே வரிசையில் சேர ஓடிவருகிறார். ஓடுகிற வேகத்தில் கால் கலங்கிப்போய், முகம் தெளிவாக, சிரித்தபடி.

10.05. முதலில் உண்மையைச் சொன்னேன்.

“கமராவைத் திறந்து உங்கடை படத்தை எரிச்சது நான்தான் அக்கா. நீங்கள் தேத்தண்ணி போடேக்கை.”

பதினோராவது படத்தை நீட்டினேன். வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“அம்மான்ரை செத்த வீடு. ஓடி வந்து என்ரை காலை மிதிச்சவர்” என்றார். பிறகு, “இது அவர் எடுத்த படம். நான் எடுத்ததைத்தானே தம்பி கேட்டனான்.”

மற்றப் பதினைந்து படங்களையும் கதிரையில் வைத்தேன்.

“கமரா இங்கை இருக்கட்டும்” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். தேத்தண்ணியும் தந்தார்.

பின்னேரம் 4.30. வவுனியா. என் வீட்டுக்கு ஓடு இருக்கிறது, கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி இருக்கிறது. போட்டிருந்த சேட்டைக்கூடக் கழற்றாமல், நாற்பத்தொரு கமராக்களின் குமிழ்களையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். எல்லாம் சும்மா சுற்றின.