நாற்பத்தொரு பாயிண்ட்

ஆரணியிலிருந்து போய்ப் பெரிய ஆளான ஒரு கூடைப்பந்து வீரனின் சாதனைப் பட்டியலில் முதல் வரியை எழுதியவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த வரியை எங்கே பார்த்தாலும் எனக்கு வாய் கசக்கிறது. ஃப்ளெக்ஸில் பார்த்திருக்கிறேன், விழா அழைப்பிதழில் பார்த்திருக்கிறேன், ஒரு பள்ளியின் ஆண்டு மலரில்கூடப் பார்த்துவிட்டேன். 'ஒரே ஆட்டத்தில் நாற்பத்தொரு பாயிண்ட்.' அதற்குக் கீழே வருவதெல்லாம் நிஜம். மாநில அணியில் இடம், பிறகு கேப்டன் பதவி, மாநிலத்துக்காக நூறு ஆட்டம், சென்னையில் ஓர் அரசுத் துறை அணியில் சம்பளத்துக்கு ஆடியபோது வருடா வருடம் அதிகப் பாயிண்ட். அவையெல்லாம் அவன் வியர்வை. முதல் வரி மட்டும் என் கைவேலை.

பெயர் சொல்லப் போவதில்லை. ஸ்கோர் ஷீட்டில் எப்படியும் எண்தானே பேசுகிறது. அவன் ஏழு. இந்தக் கதையில் இன்னொருவனும் இருக்கிறான், அவன் பன்னிரண்டு. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மூவரும் ஒரே கிளப். ஏழின் அப்பா பட்டுச்சேலை வியாபாரி, கிளப்புக்குப் புரவலரும் அவரே. பன்னிரண்டு முள்ளிப்பட்டில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. விடியும்போதே சைக்கிள் மிதித்து வந்து, ஒன்றரை மணி நேரம் ஆடிவிட்டு, மறுபடி மிதித்துப் போய்த் தறியில் உட்காருவான். இடதுகை ஆட்டக்காரன். பந்தை வலது பக்கம் கொண்டுபோவது போலக் காட்டி, சட்டென்று உடம்பைத் திருப்பி, இடது கையால் போர்டில் மெல்லத் தட்டிக் கூடைக்குள் விழவைத்துவிட்டு வருவான். அந்தத் திருப்பத்தைப் பார்க்கவே பள்ளிக்கூட மதில்மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

நான் குள்ளம். ஆட்டத்துக்கு லாயக்கில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் என் தொழில் கிராஃப் போடுவது. சேலைக் கரையில் மயில் வரவேண்டுமென்றால் முதலில் கட்டம் போட்ட தாளில் அந்த மயிலைக் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான், தறிக்கு மேலிருந்து டிசைனை எடுத்துக் கொடுக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை குத்துவார்கள். ஒரு கட்டம் தவறினால் அந்த அட்டையில் ஓடுகிற ஒவ்வொரு சேலையிலும் மயிலுக்கு மூக்கு கோணும். 'கட்டத்துல தப்பே பண்ண மாட்டான்' என்று பெயர் வாங்கியிருந்தேன். அதனாலேயே என்னைக் கிளப்புக்கு ஸ்கோரர் ஆக்கினார்கள்.

அந்த வருடம் மாவட்டப் போட்டியில் எங்களுக்கும் கலசப்பாக்கத்துக்கும் எங்கள் ஊர் மைதானத்திலேயே ஆட்டம். மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கிறவர் ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை. ஸ்கோர் ஷீட்டை அனுப்புங்கள், உங்கள் ஊரிலிருந்து ஒருவனைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். ஒருவன்தான். கூப்பிடப்பட்டவனுக்கு விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரி, பிறகு வேலை, அதன் பிறகு ஒரு வாழ்க்கை. மற்றவனுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

புரவலருக்கு ஓர் ஆசை. தன் கடைப் பையின் நிறமான மயில்கழுத்து நிறத்தில்தான் அணி இறங்க வேண்டும். வெள்ளைப் பனியன்களை மூட்டையாகக் கட்டிச் சாயக்காரரிடம் கொண்டுபோனோம். அவர் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "இது பட்டுக்குப் போடற சாயம்ங்க. நூல் துணியில நிக்காது. வேர்வை பட்டா ஓடிடும்."

எங்கள் கிளப் செயலாளர் கேட்டால்தானே. "ஒரு மேட்ச் நின்னா போதும்பா, ஜல்தியா முடிச்சுக் குடு" என்றார்.

பட்டுக்கும் பருத்திக்கும் வித்தியாசம் தெரியாத ஊரில் இது நடந்திருந்தால் மன்னிக்கலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் சாயம் தெரிந்த ஊர் இது. முதலாளி மனம் கோணக் கூடாது என்பதற்காகத் தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டு, பையன்களுக்கு ஆளுக்கொரு மயில்கழுத்துப் பனியனை மாட்டிவிட்டு இறக்கினோம்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் சாயம் இறங்கிவிட்டது. பையன்களின் இடுப்பு, தொடை, காலுறை எல்லாம் நீலப் பச்சை. முதுகில் வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்திருந்த எண்களும் சாயத்தைக் குடித்துப் பனியனோடு பனியனாகிவிட்டன. இடைவேளையில் நடுவர் என் மேசைக்கு வந்து, "நம்பரே தெரியலியேப்பா, எப்படி எழுதற?" என்றார். "தெரிஞ்ச பசங்கதான் சார்" என்றேன். நிஜமும் அதுதான். கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தத்தை வைத்தே அவர்களை என்னால் சொல்ல முடியும்.

அச்சடித்த படிவங்கள் எப்போதும் பற்றாக்குறை. அதனால் ஆட்டத்தின்போது என் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டு, முடிந்த பிறகு படிவத்தில் எடுத்து எழுதுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு என் கிராஃப் தாளில் பன்னிரண்டுக்கு முப்பது பாயிண்ட் இருந்தது, ஏழுக்குப் பதின்மூன்று. ஏழும் மோசமாக ஆடவில்லை. ஆனால் அன்று மைதானம் முழுக்கப் பன்னிரண்டுடையது.

படிவத்தை எடுத்து வைத்தபோது செயலாளர் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் போட்டுக்கொண்டிருந்த பாக்கு வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

"யார் யாருக்கு எவ்ளோ?"

சொன்னேன்.

"நம்பர்தான் தெரியலியே. நீ எப்படிச் சொல்ற?"

"ஆளைத் தெரியுதே சார்."

"ஆளை உனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியாது. எல்லாத்தையும் ஏழுலயே போட்டுடு."

"பன்னெண்டு சார்...?"

"அவன் நாளைக்கு எப்படியும் தறியிலதான் உக்காரப் போறான். ஸ்டேட்டுக்குப் போயி இன்னா பண்ணப் போறான்? இவன் போனா ஊருக்கே பேரு. முதலாளி உன்னப் பத்தி விசாரிச்சாரு. இனிமே கடை டிசைன் எல்லாம் உங்கிட்டயே குடுக்கலாம்னு சொல்லிகினு இருந்தாரு."

என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரு நிமிடம்கூட யோசித்ததாக நினைவில்லை. இருபத்தெட்டு பாயிண்ட்டைப் பன்னிரண்டிடமிருந்து எடுத்து ஏழிடம் வைத்தேன். முழுவதையும் எடுத்தால் கண்ணை உறுத்துமே என்று இரண்டை மட்டும் அவனுக்கு விட்டுவைத்தேன். அந்த இரண்டை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது. திருடினேன், சரி. திருடியவன் போகிறபோக்கில் தர்மமும் செய்துவிட்டுப் போயிருக்கிறேன். பிறகு கிராஃப் தாளைக் கிழித்துப் போட்டேன். புரவலர் வாங்கித் தந்த பிரியாணியை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். எலும்பைக்கூட விடவில்லை. சீ.

மறுவாரம் பன்னிரண்டு என்னைத் தேடி வந்தான். "எனக்கு ரெண்டா?" என்று மட்டும் கேட்டான். "நம்பர் தெரியலடா, சாயம் ஓடிடுச்சி. உன்னுது எது அவன்து எதுன்னே தெரியல" என்றேன். அவன் சாயக்காரரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவன் மைதானத்துக்கு வரவேயில்லை.

ஊரைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மதில்மேல் உட்கார்ந்து பன்னிரண்டின் ஒவ்வொரு கூடைக்கும் விசில் அடித்தவர்கள்தான், ஒரு மாதம் கழித்து டீக்கடையில், "நாற்பத்தொண்ணுப்பா! என் கண்ணால பாத்தேன்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேப்பரில் வந்துவிட்டதல்லவா. பார்த்த கண்ணைவிடப் படித்த கண்ணை நம்புகிற மானங்கெட்ட கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு டீ வாங்கிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

சொன்னபடி கடையின் டிசைன் எல்லாம் எனக்கே வந்தது. கல்யாணம் செய்துகொண்டேன், மாடி கட்டினேன். ஏழு வளர்ந்துகொண்டே போனான். அவன் திறமையில்லாதவன் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஏணியில் முதல் படியை மட்டும் தூக்கிக் கொடுத்தோம், மற்றதையெல்லாம் அவனே ஏறினான். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பன்னிரண்டும் இப்படி ஏறியிருப்பானே என்றுதான் ஒவ்வொரு செய்தியின்போதும் தோன்றியது.

பத்து வருடம் போயிற்று. ஏழு மாநிலத்துக்கு நூறாவது ஆட்டம் ஆடி முடித்ததும் ஊரில் பாராட்டு விழா என்றார்கள். பட்டு ஊரில் விழா என்றால் கடையில் வாங்கிய பொன்னாடை போதாது. சாதனைகளைச் சரிகையில் கரையிலேயே நெய்து ஓர் அங்கவஸ்திரம் போர்த்த வேண்டுமாம். அதே செயலாளர், இப்போது தலைக்கு மை அடித்திருந்தார், கிராஃப் போடச் சொல்லி என்னிடம் வந்தார்.

"மொத எடுத்தவுடனே நாற்பத்தொண்ணு வரணும். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். தறி முள்ளிப்பட்டுல சொல்லியாச்சு. யாருகிட்டன்னு சொல்லு பாப்போம்? நம்ம பன்னெண்டுகிட்ட! பழைய ஃப்ரெண்டு கையால நெய்ஞ்சா எவ்ளோ நல்லா இருக்கும்!"

அவர் கேலி செய்யவில்லை. மனதார மகிழ்ந்து சொன்னார். அவருக்கு எதுவுமே நினைவில் இல்லை. காறித் துப்பியிருக்க வேண்டும். "சரிங்க" என்றேன்.

நாலு, ஒன்று என்ற இரண்டே இலக்கத்தைக் கட்டங்களில் நிரப்ப எனக்கு ஒரு பகல் முழுதும் ஆனது. ஒரு கட்டம்கூடத் தவறவில்லை. அட்டைகளையும் கிராஃபையும் ஆளிடம் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். நான் நானே எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவன் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வது, நெய்ய மாட்டேன் என்று அட்டையை எறிந்தால் அதையே மேடையில் சொல்வது என்று வண்டியில் போகும்போது வீரமாகத் திட்டம் போட்டேன்.

பன்னிரண்டு குழித்தறியில் உட்கார்ந்திருந்தான். அவன் கால் நீளத்துக்குக் குழியைக் கூடுதலாக ஓர் அடி வெட்டியிருந்தார்கள். அப்படியும் முட்டி இடித்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னாபா, நீயே வந்துட்ட! உள்ள வா." வீட்டுக்குள் திரும்பி, "யார் வந்துகிறாங்க பாரு" என்று மனைவியிடம் குரல் கொடுத்தான்.

கிராஃபை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். விரலால் எண்ணிப் பார்த்தான். சிரித்தான்.

"இதுல என்னுது இருபத்தெட்டு இருக்குது. அன்னிக்கு முப்பது போட்டேன். ஒண்ணொண்ணும் ஞாபகம் இருக்குது எனக்கு."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே தொடர்ந்தான்.

"ஊர்ல எத்தினி பேர் எங்கிட்ட சொன்னாங்க தெரியுமா? நீ வேணும்னே மாத்தி எழுதிட்டன்னு. அதுக்கு டிசைன் வேலை வாங்கிகினன்னு. எங்க வீட்லகூடச் சொன்னா. நான் நம்பலபா. சண்டை போட்டேன். அவன் கட்டத்துல தப்பே பண்ண மாட்டான், நம்பர் தெரியாம போனதால வந்த வினைன்னு சொன்னேன்." தறியின் மேல் சாய்ந்து என்னை நேராகப் பார்த்தான். "நம்பர் தெரியல, அவ்ளோதான இல்ல?"

உள்ளிருந்து அவன் மனைவி தண்ணீரோடு வந்து நின்றாள். அவளும் என் பதிலுக்காகத்தான் நின்றாள்.

"தெரியல" என்றேன்.

அவன் மனைவியைப் பார்த்து, "கேட்டியா?" என்றான். அவள் டம்ளரை என் கையில் கொடுத்தாள். அவள் நம்பவில்லை என்று அவள் கண் சொன்னது. அவன் நிம்மதியாகத் தறியில் திரும்பி உட்கார்ந்தான். அவனுடைய நிம்மதிக்காகத்தான் பொய் சொன்னேன் என்று வண்டியில் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். பயந்து சொன்னேன். கடை வேலை போய்விடும், ஊர் சிரிக்கும், இவன் முகத்தில் இனி எப்படி விழிப்பது, எல்லாம்தான்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் காலையில் நடந்தது. பன்னிரண்டு நெய்த அங்கவஸ்திரம் ஏழின் தோளில் பளபளத்தது. ஏழு மைக்கைப் பிடித்து அந்த முதல் ஆட்டத்தைப் பற்றிப் பேசினான். கடைசி நிமிடத்தில் வலது பக்கம் போவது போலக் காட்டி, உடம்பைத் திருப்பி, இடது கையால் போர்டில் தட்டி நாற்பத்தொன்றாவது பாயிண்ட்டைப் போட்டதாகச் சொன்னான். அவன் வலதுகை ஆட்டக்காரன். அது மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அவன் பொய் சொல்கிற முகத்தோடு சொல்லவில்லை. நெஞ்சார நம்பிக் கண் கலங்கச் சொன்னான். கை தட்டினார்கள்.

"என்னோட முதல் ரெக்கார்டைத் தன் கையால எழுதினவர் இங்க இருக்கார்" என்று ஏழு என் பக்கம் கை நீட்டினான். "அண்ணே, எழுந்து நில்லுங்க."

எழுந்து நின்றேன். கும்பிட்டேன். கை தட்டல் கூடியது. நாலாவது வரிசையில், மற்ற எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக, பன்னிரண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளை முழங்கையால் இடித்து, அவளும் தட்ட வேண்டுமென்று சாடை காட்டினான். அவள் தட்டவில்லை. அவன் மட்டும் நான் உட்காரும் வரை எனக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தான்.