வேதமுத்து ஓட்டாத கடைசி ரீல்

வேதமுத்து மாதிரி பயந்த மனுஷனை ஆவடியில் வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. இருபத்தாறு வருஷம் ஒரே கொட்டகையில் படம் ஓட்டியவர். முதலாளி லோகநாதன் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு ஹில்டா மாதிரி ஒரு மகள்! எங்கிருந்து வந்து பிறந்தாளோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

எண்பத்தொன்பதில் ஒரு படம் வந்தது. ஏழைகளின் நிலத்தைப் பிடுங்கிய மில் முதலாளியை எதிர்த்து நாலு காலேஜ் பிள்ளைகள் காட்டுக்குள் ஓடிப்போய்த் துப்பாக்கி தூக்குகிற கதை. ஊர் இளவட்டமெல்லாம் பைத்தியம் பிடித்துத் திரிந்தது. ஆனால் கடைசி ரீலில் போலீஸ் நாலு பேரையும் சுட்டுக் கொன்றுவிடும். முதல் நாளே ஜனம் கொதித்துப் போய் நாற்காலிகளை உடைத்துவிட்டது.

"அண்ணாத்தே, கடைசி ரீலு வாணாம். பசங்க லாரில ஏறித் தப்பிச்சுப் போறாங்கல்ல, அதோட வணக்கம் போட்டுடு" என்றார் லோகநாதன்.

வேதமுத்து கடைசி ரீலை டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டார். ஆவடிக் கொட்டகையில் மட்டும் அந்த நாலு பேரும் நூறு நாள் சாகவேயில்லை. ஹில்டா எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் சட்டை தைத்தாள். அங்கே கக்கூஸைப் பூட்டிச் சாவியை மேனேஜர் தன் பாக்கெட்டில் வைத்திருப்பான். ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் திறப்பான், படுபாவி. ஒரு நாள் ஆறு மாசக் கர்ப்பிணி ஞானசௌந்தரி கெஞ்சியும் அவன் சாவி தரவில்லை. அவள் தையல் மிஷின் முன்னாலேயே புடவை நனைந்து அழுதாள். ஹில்டா எழுந்தாள். பத்துப் பெண்கள் சேர்ந்து மேனேஜரை அதே கக்கூஸுக்குள் தள்ளி இரண்டு மணி நேரம் பூட்டி வைத்தார்கள். நன்றாக வேண்டும் அவனுக்கு!

அப்புறம் போலீஸ் ஜீப் வந்து பத்துப் பேரையும் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனது. ஒன்பது பேர் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஹில்டா மட்டும் முடியாது என்றாள். எழுதாவிட்டால் நாலு மணிக்குக் கோர்ட், அங்கிருந்து ஜெயில் என்றார் இன்ஸ்பெக்டர்.

ஸ்டேஷன் பெஞ்சில் வேதமுத்து மகளின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

"ஒரு வரி எழுதிக் குடுத்துடு கண்ணு. ஊட்டுக்குப் போயிடலாம்."

"இன்னா தப்பு பண்ணேன்னு எழுதச் சொல்றே நைனா?"

அந்தப் படத்தைக் காட்டிப் பிள்ளையைத் தூண்டிவிட்ட பாவி நானல்லவா என்று வேதமுத்து தலையில் அடித்துக்கொண்டார். மணி மூன்றரை ஆகிவிட்டது.

"அந்தப் படத்த நம்பாதேம்மா. அந்தப் பசங்க தப்பிக்கவேயில்ல. நாலு பேரையும் சுட்டுக் கொன்னுட்டாங்க. மொதலாளி சொன்னாருன்னு நான்தான் கடைசி ரீல ஓட்டாம மறைச்சிட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். ஹில்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் நைனா. பூந்தமல்லில முழுசா ஓட்டுனாங்க. நாங்க பத்து பேரும் போன மாசமே போய்ப் பாத்துட்டோம்."

மகளைப் பயமுறுத்த வேதமுத்துவிடம் இருந்தது அது ஒன்றுதான். பெண் போலீஸ் வந்து கூப்பிட்டதும் ஹில்டா எழுந்து போய் வேனில் ஏறினாள்.